பொய்ப் பெட்டி

வலது கட்டைவிரலின் அடிமூட்டு அன்று காலையிலேயே வீங்கியிருந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷைக்கூடப் பிடிக்க முடியாமல் இடது கையால் துலக்கினாள். அடுப்பில் டீக்கு வைத்த தண்ணீரில் பாதியைக் கிண்ணத்தில் ஊற்றி விரலை முக்கி எடுத்தாள். பிறகு மணிக்கட்டோடு சேர்த்து எலாஸ்டிக் பட்டையை இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். வேலைக்கு வந்ததும் அதற்கு மேல் ரப்பர் கையுறை, அதற்கும் மேல் கண்ணாடித் துண்டு கிழிக்காத தடித்த கையுறை. மூன்று உறைக்குள் விரல் விண்விண் என்று தெறித்தது.

குப்பை பிரிக்கிற ஆலையில் அவளுக்கு வேலை. ஆலை என்று யாரும் சொல்வதில்லை, பிளான்ட் என்றுதான் சொல்வார்கள். நகரத்துக் குப்பை முழுக்க லாரியில் வந்து கொட்டி, ஒரு அகலமான ரப்பர் பெல்ட்டில் ஏறி, இருபக்கமும் நிற்கிற பெண்களுக்கு நடுவே ஓடும். பாட்டில் இடது குழியில், தகரம் வலது குழியில், அட்டை பின்னால் இருக்கும் கூண்டில். பெல்ட் நிற்காது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளிக் கிள்ளி எடுத்தபடியே இருக்க வேண்டும். அங்கே வேலை செய்கிற பெண்கள் எல்லாருக்குமே அந்த ஒரு மூட்டுதான் முதலில் போகும்.

பெல்ட்டில் ஒரு பழக்கம் உண்டு. கண்கொண்டு பார்க்க முடியாதது ஏதாவது வந்தால், வெடித்த டயப்பரோ, புழு நெளிகிற மீன்குடலோ, செத்த பூனையோ, அதை முதலில் பார்க்கிறவள் சிரித்துவிட வேண்டும். வாய்விட்டு, உரக்க. அவள் குமட்டினால் பக்கத்தில் நிற்பவளுக்கும் குமட்டும். அவளிடமிருந்து அடுத்தவளுக்கு. வரிசை முழுக்க ஓங்கரித்துக்கொண்டு நிற்கும், பெல்ட்டை நிறுத்த வேண்டி வரும், மேலே கண்ணாடி அறையிலிருந்து சூப்பர்வைசர் கத்திக்கொண்டே படியிறங்கி வருவான். அதனால் புதிதாக வருகிற பெண்ணுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள்: குமட்டினா சிரிச்சிரு. ஒருத்தி சிரித்தால் மற்றவர்களும் சிரிப்பார்கள். தொண்டைவரை வந்தது சிரிப்பாக வெளியே போய்விடும்.

அந்தச் சிரிப்பில் இவளை மிஞ்ச ஆளில்லை. பெல்ட் சத்தம், லாரி சத்தம் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும். அதனால்தான் சங்கு என்று பேர் வைத்திருந்தார்கள். பழைய ஆலைகளில் வேலை நேரத்துக்கு ஊதுவார்களே, அந்தச் சங்கு. இப்போது தெருவிலும் அதே பேர்தான்.

டிசம்பர் பாதி தாண்டியிருந்தது. பெல்ட்டில் எச்சில் தட்டுகளுக்கும் அழுகிய தக்காளிக்கும் நடுவே பளபளவென்று பெட்டிகள் வர ஆரம்பித்திருந்தன.

"பாருடி, கிறிஸ்துமஸே இன்னும் வரல, பெட்டி வந்துருச்சு" என்றாள் எதிரில் நின்ற குட்டை. உயரம் போதாமல் பால் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நிற்பவள். "முன்னாடியெல்லாம் ஜனவரியிலதானே நம்ம உயிரை எடுக்கும். இப்ப டிசம்பர்லயே ஆரம்பிச்சிருது."

"இப்ப நாளைக்கு ஒண்ணு குடுக்கிறாங்களாம். பண்டிகை வரைக்கும் தினம் காலையில ஒரு பை, உள்ள ஒரு சாமான். எங்க வீட்டுலயும் நடக்குது. என் ஓரகத்தி தொங்கவிட்டிருக்கா" என்றாள் சங்கு.

"தினமுமா? அது பண்டிகையா, மாத்திரையா?"

வரிசை சிரித்தது.

"என் மருமக வேற மாதிரி" என்றாள் குட்டை, ஒரு ஷாம்பு பாட்டிலை நசுக்கி எறிந்தபடி. "நாலே நாலுன்னு சட்டம் போட்டிருக்கா. ஆசைப்பட்டது ஒண்ணு, தேவையானது ஒண்ணு, போட்டுக்க ஒண்ணு, படிக்க ஒண்ணு. நானும் நல்ல யோசனையா இருக்கேன்னுதான் நெனச்சேன். போன வருஷம் பேரன் என்ன பண்ணான் தெரியுமா? நாலையும் பிரிச்சுப் போட்டுட்டு, படிக்கிறதைத் தூக்கிக்கிட்டு வந்து, 'இதை வச்சுக்கிட்டு ஆசைப்பட்டது இன்னொண்ணு தா'ங்குறான். சந்தையில பொறந்தது."

"உனக்கு எதைக் குடுத்தாலும் பிடிக்காது."

"எனக்கு எது பிடிக்காது தெரியுமா? இது." குட்டை பெல்ட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் காட்டினாள். மேலே பளபளப்புத் தாள், அதற்குள் அட்டை, அதற்குள் பிளாஸ்டிக் கூடு, நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம். "இவ்வளவு பெரிய பெட்டிக்குள்ள இருந்தது இத்தூண்டு. அதுவும் உடைஞ்சு அடுத்த பையில வரும் பாரு."

சங்குவுக்குப் பெட்டிகள் அருவருப்பாக இல்லை. நாள் முழுக்க அழுகலைக் கிள்ளுகிற கைக்கு, வழவழப்பாக ஒன்று அகப்பட்டால் ஒரு நொடி நன்றாகத்தான் இருந்தது.

*

வீடு ஒன்று, குடும்பம் இரண்டு. முன்பகுதியில் கணவனின் தம்பி குடும்பம், பின்பகுதியில் இவர்கள், நடுவில் இருவருக்கும் பொதுவான கூடம். தம்பி கூரியர் வேன் ஓட்டுகிறான். அவன் மனைவி முன்னறையில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். புருவம், முடி, மெழுகு தடவிக் கால் மயிர் எடுப்பது, எல்லாம் செய்வாள். செய்வதையெல்லாம் போனில் வீடியோப் படமாக எடுத்தும் போடுவாள். பார்லரைவிடப் படத்துக்குத்தான் கூட்டம். கெட்டவள் என்று சொல்ல முடியாது. தன் ஆறு வயதுப் பையனுக்குப் பை தைத்துத் தொங்கவிட்டபோது, பக்கத்திலேயே பாப்பாவுக்கும் ஒரு வரிசை தொங்கவிட்டிருந்தாள்.

பாப்பா என்பது சங்குவின் மகள். ஒன்பது வயது, ஒரே பிள்ளை. சாயங்காலம் அம்மா குளித்துவிட்டு வந்ததும் அவள் கையை எடுத்து முகர்ந்து பார்ப்பாள். "இன்னிக்கு எலுமிச்சை சோப்பு" என்பாள். சில நாள், "சோப்புக்கு அடியில இன்னும் கொஞ்சம் பெல்ட்டு இருக்கு, போய்க் கழுவு" என்பாள். சங்கு போய்க் கழுவுவாள். வேலையில் அவளுக்கு எந்தப் பயமும் கிடையாது, எலி வந்தாலும் வாலைப் பிடித்துத் தூக்கிப் போடுவாள். இந்தப் பெண் ஒருநாள் கையை முகராமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்கிற பயம் ஒன்றுதான் இருந்தது. பிளான்ட்டில் எத்தனையோ பேருக்கு அது நடந்திருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலுக்கு வராதே என்பார்கள்.

கூடத்துச் சுவரில் பைகளோடு ஒரு பொம்மையும் இருந்தது. சிவப்புத் தொப்பி, கோணல் கண். ராத்திரி யாரும் பார்க்காதபோது எழுந்துபோய், எந்தப் பிள்ளை என்ன தப்பு செய்தது என்று கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் சொல்லிவிட்டு வருமாம். அதனால் தினமும் காலையில் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். ஒருநாள் கழிவறை ஜன்னலில் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு முழுக்கச் சின்னப் பையன் உள்ளே போக மாட்டேன் என்று அடக்கிவைத்து, மாலையில் டவுசரிலேயே போய்விட்டான். மறுநாள் அவன் பை காலி. பொம்மை சொல்லிவிட்டதாம்.

சங்குவின் கணவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். நாள் முழுக்க முட்டி போட்டு ஊர்கிற வேலை. வீட்டுக்கு வந்ததும் இரண்டு காலையும் நீட்டிச் சுவரில் சாய்ந்துவிடுவார். முட்டியில் தோல் குதிகால் மாதிரி தடித்திருக்கும்.

"வீட்டுக்குள்ளேயே வேவு பாக்க ஆள் வச்சிருக்காளா?" என்றார். "புள்ளைய நாம அடிப்போம், திட்டுவோம். அது நம்ம மூஞ்சியைப் பாத்து நடக்கிறது. ஒரு துணிப் பொம்மைய வச்சு மூத்திரம் போகக்கூடப் பயப்பட வைக்கிறது என்ன வளர்ப்பு?"

"நீங்க பேசாம இருங்க. அவ ஆசையா செய்றா."

"யார் ஆசைக்கு? நமக்கெல்லாம் என்ன இருந்துச்சு? காலையில கும்பிட்டு வந்ததும் ஒரு புதுத்துணி, ஒரு சாமான். அவ்வளவுதான். ராத்திரி படுக்கிற வரைக்கும் அதைக் கையில வச்சிருப்போம்."

"உங்களுக்கு இருந்துச்சு. எனக்கு அதுவும் இல்ல" என்றாள். "எங்கப்பா ஒரு வருஷம்கூட எதுவும் வாங்கித் தந்ததில்ல. இல்லாம இருந்தது பெரிய ஒழுக்கம்னு இப்ப பேசாதீங்க. பள்ளிக்கூடத்துல ஒவ்வொண்ணும் இன்னிக்கு என் பையில இது இருந்துச்சு, அது இருந்துச்சுன்னு பேசுறப்ப நம்ம புள்ள மட்டும் வாயைப் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

"தினம் ஒண்ணு குடுத்தா எதுக்குச் சந்தோஷப்படும்?"

"அதை அது பாத்துக்கும். நீங்க முட்டிக்கு எண்ணெய் தேய்ங்க."

அவர் எண்ணெய் தேய்த்தார். மகள் அன்றைய பையில் வந்த சின்ன வளையலைப் போட்டுக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு நாளில் அது பெல்ட்டுக்கு வந்துவிடும் என்று சங்குவுக்குத் தெரியும். இருந்தாலும் இப்போது அந்தக் கையில் நன்றாக இருந்தது.

பண்டிகைக்குச் சில நாள் முன்னால் ஓரகத்தி பின்பக்கம் வந்தாள். நகத்தில் பாதிக்குப் புதுச் சாயம், பாதிக்குப் பழசு.

"அக்கா, உங்க பிளான்ட்ல நல்ல பெட்டி ஏதாச்சும் வந்தா எடுத்துட்டு வர்றீங்களா? மூடியெல்லாம் டக்குனு ஒட்டிக்குமே, அந்த மாதிரி. பாப்பாவுக்குப் பெரிய கிஃப்டு வாங்கியிருக்கேன். கடையில குடுத்த அட்டை அசிங்கமா இருக்கு, படத்துல நல்லா வராது."

"என்ன வாங்கியிருக்க?"

"ஐயோ, சொல்ல மாட்டேன். உங்க வாய் சங்காச்சே, ஊருக்கே கேட்டுடும்."

சங்கு சிரித்தாள். இரண்டு நாள் பெல்ட்டில் கண்ணை வைத்திருந்து ஒன்றைப் பிடித்தாள். வெளிர்நீலம், காந்த மூடி, உள்ளே வெள்ளை சாட்டின். ஒரு மூலையில் மட்டும் கறை. பிளான்ட்டிலிருந்து எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது, தெரிந்தால் வேலை போகும். சட்டைக்குள் வயிற்றோடு அணைத்து மேலே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினாள். வீட்டுக்கு வந்து வினிகர் தொட்டு அந்த மூலையைத் தேய்த்தாள். கட்டைவிரல் கத்தியது. கறை போய்விட்டது. மகளுக்கு வரப்போகிற பெரிய கிஃப்டில் தன் கையும் இருக்கிறது என்று ஒரு சந்தோஷம்.

*

பண்டிகை அன்று காலை கும்பிட்டுவிட்டு எல்லாரும் கூடத்துக்கு வந்தார்கள். கேக் வெட்டியாயிற்று. பையனுக்கும் பாப்பாவுக்கும் ஒரே மாதிரிக் கட்டம் போட்ட இரவு உடை, சித்தி முந்தின நாளே கொடுத்தது. படத்துக்காகப் பகலிலும் அதையே போட்டிருந்தார்கள். படமெடுக்கிற வட்ட விளக்கு எரிந்தது. பார்லர்க்காரி போனைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டு உட்கார்ந்தாள். வேன்காரன் சோபாவில், டைல்ஸ்காரர் தரையில் கால் நீட்டி. சங்கு கோழி பொரிக்க எண்ணெய் வைத்துவிட்டு, கரண்டியோடு அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

முதலில் பையன். பெட்டியைக் கிழித்தான். உள்ளே ஒரு உருளைக்கிழங்கு.

பையன் அதைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். வாய் கோணிற்று. "எனக்கு வேணாம்" என்று ஊளையிட்டு உருளைக்கிழங்கை வீசியெறிந்தான். அது சுவரில் பட்டு வேன்காரன் மடியில் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். டைல்ஸ்காரர்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"பொம்மை சொல்லிடுச்சுடா, நீ டவுசர்ல போனேன்னு" என்றாள் அவன் அம்மா, போனை இன்னும் கிட்டக் கொண்டுபோய். அவன் தரையில் புரண்டான். போதுமான அளவு புரண்டதும் சோபாவுக்குப் பின்னாலிருந்து ரிமோட் கார் வந்தது. கண்ணீர் காயாமலே காரை ஓட்ட ஆரம்பித்தான்.

"இது என்ன கூத்து?" என்றார் டைல்ஸ்காரர்.

"இப்ப எல்லா வீட்டுலயும் இப்படித்தான் மாமா. முதல்ல பொய்ப் பெட்டி, அப்புறம் உண்மைப் பெட்டி. ஏமாந்து அழுதுட்டு அப்புறம் கெடைக்கிறப்ப சந்தோஷம் டபுள். அடுத்து பாப்பா!"

வெளிர்நீலப் பெட்டி வந்தது. தங்க ரிப்பன்.

பாப்பா கெட்டிக்காரி. உருளைக்கிழங்கைப் பார்த்துவிட்டாள் இல்லையா, பெட்டியைத் தொடாமல் சித்தியையே பார்த்தாள்.

"இது பொய்ப் பெட்டி இல்லடா செல்லம்" என்றாள் சித்தி. "இது உங்கம்மா பிளான்ட்லேர்ந்து உனக்குன்னே ஸ்பெஷலா எடுத்துட்டு வந்தது. வேணும்னா அம்மாவைக் கேளு."

பாப்பா அடுக்களை வாசலைப் பார்த்தாள். சங்கு தலையாட்டினாள். பெட்டி அவள் கொண்டு வந்ததுதான். ஆமாம் என்றுதான் தலையாட்டினாள்.

அம்மா தலையாட்டிய பிறகு அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் ஏது? ரிப்பனை இழுத்தாள். காந்த மூடி திறந்தது. நாற்றம் கூடத்தின் நடுவில் எழுந்து நின்றது. முட்டைத் தோடு, டீத்தூள் சக்கை, முந்தின நாள் கோழி எலும்பு. அவற்றுக்கு மேல் பார்லரின் மெழுகுத் துணிகள். யார் யாருடைய காலிலிருந்தோ பிடுங்கிய மயிர், மஞ்சள் மெழுகில் படிந்து, எறும்பு மொய்த்தது மாதிரி.

பாப்பா அழவில்லை. அடியில் இருக்கும் என்று நினைத்தாள். அம்மா எடுத்து வந்தது இதற்கெல்லாம் அடியில், ஒரு கவரிலோ எதிலோ பத்திரமாக இருக்கும். கட்டம் போட்ட சட்டையின் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டு, கையை உள்ளே விட்டாள். துழாவினாள். மூலை மூலையாகத் துழாவினாள். முட்டையின் வழவழப்பு மணிக்கட்டில் வழிந்தது. கையை வெளியே எடுத்தபோது விரல்களுக்கு நடுவே ஒரு மெழுகுத் துணி ஒட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் சங்கு சிரித்தாள்.

யோசித்துச் சிரிக்கவில்லை. நாற்றம் வந்தது, கண் பார்த்தது, தொண்டை ஏறியது, சிரிப்பு வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாக அந்தத் தொண்டைக்குத் தெரிந்த ஒரே வழி அது. உரக்க, வாய்விட்டு. அவள் சிரித்ததும் வேன்காரன் சிரித்தான், அவன் மனைவி சிரித்தாள், காரை நிறுத்திவிட்டுப் பையனும் சிரித்தான்.

பாப்பா அம்மாவைப் பார்த்தாள். சங்கு வாயை மூடினாள். சிரிப்பு அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

"சும்மா விளையாட்டுடா தங்கம்! இதோ, இதோ உண்மையானது!" சித்தி சோபாவுக்குப் பின்னாலிருந்து எடுத்தாள். சக்கரக் காலணி. நல்லது, விலை கூடியது, பாப்பா ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பாப்பா அழுக்குப் படாத கையால் வாங்கிக்கொண்டாள். "தேங்க்ஸ் சித்தி" என்றாள். அதைச் சுவரோரம் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

சங்கு பின்னாலேயே போனாள். குழாயடியில் பாப்பா கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மெழுகு தண்ணீருக்கு அசையவில்லை. மயிர் விரலிடுக்கில் அப்படியே இருந்தது.

"தண்ணியில போகாதும்மா. எண்ணெய் போட்டா வந்துரும், குடு கையை."

"நானே பண்ணிக்கிறேன்."

"உனக்குத் தெரியாதுடி, குடு."

பாப்பா எண்ணெய்ப் புட்டியை மட்டும் வாங்கிக்கொண்டாள். கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அடுக்களையில் எண்ணெய் புகைகிற வாடை வந்தது. சங்கு ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள்.

*

பகல் சாப்பாட்டை யாரும் சேர்ந்து சாப்பிடவில்லை. கோழி ஆறிக் கிடந்தது. சங்கு முன்பக்கம் போனாள்.

"ஏன்டி, நீ வச்ச பொம்மைக்குக்கூட இந்தப் புத்தி வராதேடி. புள்ள கையில அடுத்தவ கால் மயிரா?"

"அக்கா, சும்மா ஒரு..."

"என்ன சும்மா? உன் புள்ளைக்குக் கிழங்கு, என் புள்ளைக்குக் குப்பையா?"

"ஒரே மாதிரி வச்சா படம் நல்லா இருக்காதேக்கா. உங்க வேலைய வச்சு ஒரு ஜோக். நீங்களே தினமும் சொல்லிச் சிரிப்பீங்களே, இன்னிக்குப் பல்லுசெட்டு வந்துச்சு, நாளைக்கு நாக்கு வரும்னு. அந்தத் தைரியத்துலதான் செஞ்சேன்." அவள் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. "அந்த ஸ்கேட்ஸ் வாங்க எத்தனை கால் மெழுகு எடுத்தேன் தெரியுமா? என் புள்ளைக்கு வாங்கின காரை விட அது ஒசத்தி. என்னை ஏதோ பேய் மாதிரி பேசறீங்க."

"படத்தை அழிச்சுரு."

"போட்டாச்சு. எவ்வளவு பேர் பாத்திருக்காங்க தெரியுமா?"

"அழிடி."

"அக்கா" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நான் தப்புன்னே வச்சுக்கோங்க. சிரிச்சது யாரு? எல்லார் சிரிப்பையும் விட உங்க சிரிப்புதானே பெரிசா கேக்குது. வேணும்னா போட்டுக் காட்டட்டுமா?"

வேன்காரன் சோபாவை விட்டு எழுந்து, "விடுங்க அண்ணி, குழந்தைங்க நாளைக்கே மறந்துடும்" என்றான். அவன் மகன் காரைச் சங்குவின் காலில் மோதி மோதி ஓட்டிக்கொண்டிருந்தான்.

பின்பக்கம் வந்தபோது டைல்ஸ்காரர் சுவரில் சாய்ந்திருந்தார்.

"அண்ணன்காரர் தானே நீங்க? உங்க தம்பியை ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

"என்னன்னு கேக்கறது? பையில ஆரம்பிச்சப்பவே நான் சொன்னேன். பேசாம எண்ணெய் தேய்னு சொன்ன. பெட்டி கொண்டு வந்தது நீ. தலையாட்டினது நீ." முட்டியைத் தடவிக்கொண்டார். "அவன் பையன் கிழங்கை எறிஞ்சப்ப நானும்தான் சிரிப்பை அடக்கினேன். அப்பவே எந்திரிச்சுப் புள்ளையக் கூட்டிட்டு வந்திருக்கணும். முட்டி வலிச்சுது, உக்காந்துட்டேன்."

*

விடுமுறை முடிந்து பிளான்ட் திறந்தது. பெல்ட்டில் வேறு எதுவுமே இல்லாத மாதிரி பெட்டியாக வந்தது. தாளும் ரிப்பனும் பிளாஸ்டிக் கூடும், நடுவே பிரிக்காமலே எறிந்த பொம்மைகளும். கடித்த கேக் துண்டுகள் எல்லாவற்றின் மேலும் அப்பியிருந்தன. சங்குவுக்கு முதன்முறையாகப் பெட்டியைத் தொட அருவருப்பாக இருந்தது. மூடிகளைத் திறக்காமலே கூண்டில் எறிந்தாள்.

டீ நேரத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி போனை நடுவில் வைத்தாள். "இதைப் பாத்தீங்களா? எல்லாரும் அனுப்பிக்கிட்டிருக்காங்க."

திரையில் சங்குவுக்குத் தங்கள் வீட்டுக் கூடத்துச் சுவர் தெரிந்தது. எழுந்து போகலாம் என்று நினைப்பதற்குள் பெட்டி திறந்துவிட்டது. சின்னத் திரையில் சின்னக் கை, சட்டையை மடித்துவிட்டு, உள்ளே போனது.

"அய்யோ" என்றாள் ஒருத்தி. "அடியில தேடுது பாருடி."

"யாரு பெத்த புள்ளையோ. இதைப் படம் எடுத்தவ விளங்குவாளா?"

அப்போது சிரிப்பு வந்தது. திரைக்குள்ளிருந்து, உரக்க.

"அடச்சீ! பக்கத்துல நின்னு சிரிக்கிறா பாரு, அவ ஒரு பொம்பளையா?" என்றாள் புதுப்பெண். "அவ வாயில கொண்டு போய் இந்தப் பெட்டியைக் கொட்டணும்."

குட்டை டீ டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் திரையைப் பார்க்கவில்லை. எத்தனை வருஷமாக எதிரில் நின்று கேட்கிற சிரிப்பு. அவள் முகத்தைப் பார்த்து ஒவ்வொருத்திக்கும் விஷயம் பரவியது. கடைசியாகப் புதுப்பெண்ணுக்கும் புரிந்து, போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"குமட்டுச்சு" என்றாள் சங்கு. "குமட்டினா சிரிக்கணும்ல. சிரிச்சிட்டேன்."

அவர்களுக்கு அது விளங்கியது. விளங்கியதால்தான் யாராலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"உன் புள்ளைகிட்ட சொன்னியா?" என்றாள் குட்டை.

"என்ன சொல்றது?"

"இப்ப எங்ககிட்ட சொன்னதை."

*

சாயங்காலம் வந்து குளித்தாள். இரண்டு தடவை சோப்புப் போட்டாள். பாப்பா அறை மூலையில் உட்கார்ந்து காலணியின் சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு தடவைகூட மாட்டிப் பார்க்கவில்லை. விரலிடுக்கு தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்தது.

சங்கு எதிரில் உட்கார்ந்தாள். கையை நீட்டவில்லை. நீட்டினால் என்ன ஆகும் என்று பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

"சித்தி படத்தை அழிச்சுட்டா" என்றாள். அது உண்மை. பார்த்துத் திட்டுகிறவர்கள் கூடிப்போனதும் அவளே அழித்துவிட்டாள். அழித்து என்ன, ஊர் முழுக்கப் போயாகிவிட்டது.

"ம்."

"சித்தி அதுல குப்பை வச்சிருப்பான்னு எனக்குத் தெரியாது பாப்பா. பெட்டி கேட்டா, குடுத்தேன். அதுக்குத்தான் தலையாட்டினேன்."

"தெரியும். அப்பா சொன்னாரு."

"அப்புறம் என்ன?"

பாப்பா சக்கரத்தை நிறுத்தினாள். "நீ ஏன் சிரிச்ச?"

சங்கு சொன்னாள். பெல்ட்டைப் பற்றிச் சொன்னாள். ஒருத்தி குமட்டினால் எல்லாரும் குமட்டுவதை, சூப்பர்வைசர் இறங்கி வருவதை, முதல் நாள் சொல்லிக்கொடுப்பதை, பூனை வந்த அன்று தான் சிரித்த சிரிப்பை. இத்தனை வருஷத்தில் வேலையைப் பற்றி மகளிடம் இவ்வளவு நேரம் பேசியதில்லை. பாப்பா குறுக்கே பேசாமல் கேட்டாள். புரிகிற வயதுதான். புரிந்தும்விட்டது.

"நான் என்ன பெல்ட்டுலயா வந்தேன்?" என்றாள்.

சங்குவுக்குள்ளே ஒரு வார்த்தை திரண்டது. அந்த வீட்டில் பெரியவர்கள் யாரும் பிள்ளையிடம் அதைச் சொன்னதில்லை. அவளிடமும் யாரும் சொன்னதில்லை. அவள் அப்பா பண்டிகைக்கு வெறுங்கையோடு வந்து நின்றபோதுகூட அதைச் சொன்னதில்லை. தொண்டைவரை வந்தது. அந்தத் தொண்டைக்கு அதை எப்படி வெளியே விடுவது என்று தெரியவில்லை.

"அதுக்காக எத்தனை நாளைக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருப்ப?" என்றுதான் வந்தது. "எந்திரி. முட்டை பொரிச்சுத் தரேன், சாப்பிடு."

பாப்பா எழுந்து வந்தாள். தட்டை வாங்கிக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கையால் சாப்பிடாமல் ஸ்பூன் கேட்டாள். சங்கு ஸ்பூனைக் கழுவிக் கொடுத்தாள், உப்பு போதுமா என்று கேட்டாள், இன்னொரு முட்டை வேண்டுமா என்று கேட்டாள், ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளச் சொன்னாள். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்கவில்லை. மகளிடம் அவள் கேட்க வேண்டிய மன்னிப்பு பாக்கி நின்றது.